அலமாரி 300

கூகுள் இருக்கும்போது, சமூக அறிவியல் படிக்கிறவனுக்கு நூலகர் எதற்கு சார்?
— கல்லூரி மாணவர், குண்டூர் நாடு, கொல்லிமலை

மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு என்று கூகுள் சொல்லும். பஸ்ஸை ஓட்டுவது யார்? நூல்களை எண்களால் வகைப்படுத்தும் டியூயி முறை நூலகத்தில் சமூக அறிவியலுக்கு 300; அதில் உங்கள் மலை மக்கள் 305இல் இருப்பார்கள், திருவிழா 394இல். சாமை மட்டும் 633க்கு ஓடிவிடும், வேளாண்மையாம்! தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட 7 தொகுதிகளில் நீங்கள் 4ஆவதில். இத்தனையையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவருகிறவர்தான் நூலகர்.

சரி, அந்த வேலைக்கே வந்துவிடலாமா?
— அதே மாணவர்

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதனே, கணக்கு வாத்தியார் வேலைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சியவர். லண்டனுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். அப்புறம் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள், 1933இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறை! ஆகவே, பிடிக்காமல் சேர்ந்தாலும் பரவாயில்லை.

அதற்கு முன் ஒரு வேலை. பல்கலைக்கழகங்கள் தரும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசம். அதில் கொல்லிமலை என்று தேடி, உங்கள் பாட்டிமார் சொன்னதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.