சேப்பாக்கத்தின் வெளியுறவுத் துறை

தெற்காசிய ஒருங்கிணைப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. சார்க் அமைப்புக்குத்தான் மாநாட்டுப் பஞ்சம். 1985-இல் டாக்காவில் பிறந்தது, 2014 நவம்பரில் காட்மாண்டுவில் கூடிக் கலைந்ததோடு சரி. உறுப்பு நாடுகளின் மொத்த வணிகத்தில் அவை தமக்குள் செய்துகொள்வது 5 சதவீதம் அளவுதான். ஆய்வாளர்கள் தில்லியையும் இஸ்லாமாபாத்தையும் கைகாட்டுவார்கள். சேப்பாக்கத்தையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். 2013 ஐபிஎல்லில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்று முடிவானது. சென்னை அணியின் குலசேகராவுக்குச் சொந்த மைதானமே வெளிநாடாயிற்று. பத்தாண்டு கழித்து, சென்னை அணிக்கு ஆடிய இலங்கையின் பதிரனாவின் யார்க்கருக்கு அதே மைதானம் விசிலடித்தது. அதற்கென்று இடையில் எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகவில்லை.

அந்தத் தடைக்குப் பின்னிருந்த ஈழப் போரின், முள்ளிவாய்க்காலின் வலியை விக்கெட் கணக்கில் கழிப்பதா என்று கேட்கலாம். கூடாதுதான்; அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் தடையால் கொழும்பின் கொள்கை ஓரங்குலமும் நகரவில்லை, நகர்ந்தது நம் பந்துவீச்சு வரிசைதான். விசிலும் அப்படியே. மைதானத்தில் பதிரனா 'நம்ம பையன்' ஆனார். பாக் நீரிணையில் ராமேசுவரம் மீனவர் அந்நியர். யாழ்ப்பாணத்துக் கல்யாண வீட்டார் மட்டும் இந்தக் கொள்கை எதையும் படிக்காமல் தி.நகருக்குப் பட்டெடுக்க வருகிறார்கள். 2019 நவம்பரில் தொடங்கிய சென்னை–யாழ்ப்பாணம் விமானம், சார்க்கின் தீர்மானங்களைவிட அதிகம் சாதித்திருக்கிறது.