இடியனுக்கு மூலவியாதி

வா மோனை, இரு. பைப் ரெஞ்சோடை வாறாய், கிணத்தடி மோட்டரைக் கழட்டவோ எண்டு பாத்தன். கொப்பாட்டன்ர இடியன் துவக்கின்ர குண்டி அடைப்பைக் கழட்டவாமே! யூரியூப்பிலை வெள்ளைக்காரன் ரெண்டு சுத்திலை கழட்டினவனாம். அவன்ர துவக்கு கழட்டவெண்டே செய்தது. உன்ர இடியன் மாரிமழையிலை குளிச்சு, அடுப்படிப் புகையிலை காய்ஞ்சு, புரியும் குழலும் கலியாணம் கட்டிக் கனகாலம். நீ போய் விவாகரத்து எடுக்கப் போறாய்.

உள்ளை மருந்து கிடக்கோ? தெரியாதோ? தெரியாமல்தானே குழல்வாயிலை கண்ணை வைச்சுப் பாத்தனீ. கண் ரெண்டும் மிச்சம், வற்றாப்பளை அம்மாள் காவல். இடிகோலை மெல்ல உள்ளை விடு, நிண்ட இடத்திலை வாயடியிலை அடையாளம் வை, வெளியாலை எடுத்துக் குழலோடை வைச்சு அள. அடிக்கு நாலு விரல் முன்னாலை நிண்டுட்டுதெண்டால், கொப்பாட்டன் கடைசிப் பண்டிக்கு வைச்ச பங்கு அங்கை கிடக்கு. கரிமருந்து கிழடானாலும் சாகாது, என்னை மாதிரி. நனைஞ்சது காய்ஞ்சாலும் வெடிக்கும். அப்பிடியெண்டால் தொடாதை, தெரிஞ்சவனைக் கூப்பிடு. காஸ் நெருப்புக் காட்டினால் இளகும் எண்டானாமே உன்ர சிநேகிதன்? ஓம், இளகும். நீயும் சேர்ந்து இளகுவாய்.

வெறுங்குழலெண்டாலும் கழட்டுவான் ஏன்? மருந்து எரிஞ்ச கசடு ஈரத்தைக் குடிச்சு இரும்பைத் தின்னும், மெய்தான். ஆனால் அது எண்ணெய்க்கு மசியாது, கொதிதண்ணிக்குக் கரையும். வாயாலை ஊத்து, சீலை சுத்தித் தேய், நல்லாக் காயவிடு, பிறகு எண்ணெய் பூசு. 1803இலை பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையிலை பிடிச்ச பீரங்கிக்குப் பின்னாலை கழட்ட ஒண்டுமேயில்லை. வாயாலைதான் தீத்தினது, வாயாலைதான் கழுவினது.

கழட்டின அடைப்பைத் திருப்பிப் பூட்டினால் முந்தி நிண்ட இடத்திலை வந்து நிக்காது. தின்னுப்போன புரி பிடியும் விட்டிடும். வெடிக்கேக்கை குண்டு முன்னாலை போகும், அடைப்புப் பின்னாலை வரும். பின்னாலை ஆர் நிக்கிறது? உன்ர வடிவான மூஞ்சி. பொம்பிளை பாக்கிற நேரத்திலை இது தேவையோ?

அதுசரி, லைசென்ஸ் ஆற்ற பேரிலை கிடக்கு? வெள்ளைக்காரன் 1916இலை போட்ட சுடுகலன் சட்டம் இன்னும் உயிரோடை இருக்கு, கொப்பாட்டன்தான் இல்லை.

ரெஞ்சை இஞ்சை கொண்டா. என்ர பம்பிலை ஒரு குழாய் இறுகிக் கிடக்கு. அதை ரெண்டு சுத்திலை கழட்டு பாப்பம்.