நாய்க்கும் ஒரு வரி

கேள்வி: கணினியில் விண்வெளி ராச்சியம் ஒன்றை ஆள்கிறேன். வரியை ஏற்றினால் குடியேறிகளின் மகிழ்ச்சி விழுகிறது. கோளுக்கு நியமித்த ஆளுநரின் விசுவாசமும் ஆட்டம் காண்கிறது. யாரை முதலில் சமாளிப்பது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் வரியைக் குறையுங்கள் தம்பி. 1847இல் இலங்கைக்கு ஆளுநராக வந்த டொரிங்டன் பிரபு, பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசலின் உறவுக்காரர். விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. கோப்பி விலை விழுந்து கஜானா காய்ந்ததும், 1848இல் துவக்குக்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி என்று போட்டுக்கொண்டே போய் நாய்க்கும் போட்டார். போதாக்குறைக்கு வருடத்தில் ஆறு நாள் தெரு வேலை; இல்லாவிட்டால் காசு கட்டவேண்டும். (நாய்களை யார் எண்ணினார்களோ! கொட்டாஞ்சேனையில் இன்றைக்கும் அது நடக்கிற காரியமில்லை.) யூலையில் மாத்தளையும் குருநாகலும் வெடித்தன. 1850இல் லண்டன் ஆளைத் திருப்பி அழைத்துக்கொண்டது.

விசுவாசம் வேறு கதை. கண்டி அரசனின் அமைச்சர் (அதிகாரம்) எகலப்பொல 1814இல் அரசனைப் பகைத்துக் கொழும்புக்கு ஓடிவந்தார். அடுத்த வருடம் கண்டி பிரித்தானியர் கையில். அவர் கண் வைத்தது சிம்மாசனத்தில். கிடைத்தது ‘பிரித்தானிய அரசின் நண்பர்’ என்ற பட்டம். பிரித்தானியருக்கு எதிரான 1818 கிளர்ச்சியில் அவரைச் சந்தேகப்பட்டு, அதே கொழும்பில் காவலில் வைத்து, 1825இல் மொரீசியசுக்குக் கப்பலேற்றினார்கள். 1829இல் அங்கேயே காலமானார்.

உங்கள் ஆளுநரும் பக்கத்து ராச்சியத்திலிருந்து ஓடிவந்தவரென்றால் பட்டத்தோடு நிறுத்தாதீர்கள். ஒரு கோளையே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளவத்தையில் ஒரு பிளட் வாங்குவதைவிட மலிவாகத்தான் முடியும்.