ரத்தத்துக்கு விசாரணை, கல்லாவுக்கு விடுதலை

1942 ஜனவரி. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்கா ஒரு பக்கம் ஹிட்லர், மறுபக்கம் ஜப்பான் என்று மல்லுக்கட்ட இறங்கியிருந்தது. நியூயார்க் மேயர் ஃபியோரெல்லோ லகார்டியா மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் தன் பங்குக்கு ஒரு யுத்தம் தொடங்கினார். எதிரியின் பெயர் பின்பால். காசு போட்டால் உருண்டை ஓடும், மணி அடிக்கும், விளக்கு எரியும், போட்ட காசு மட்டும் திரும்பி வராது. அந்தப் பெட்டிதான் நகரத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று தடை போட்டார். போலீஸ் கடை கடையாகப் புகுந்து பெட்டிகளை அள்ளியது. மேயர் கோட்டு சூட்டோடு வந்து, புகைப்படக்காரர்கள் தயாராகும்வரை பொறுத்து, பெட்டிகளை உடைத்துக் காட்டினார். மிஞ்சிய மரக்கால்கள் போலீசாருக்குத் தடிகளாயின. சிறுவர்களைக் கெடுத்ததாகக் கைதான பெட்டிக்குத் தண்டனையாகக் கிடைத்தது அரசாங்க உத்தியோகம்.

ஆனால் மேயரை முழு முட்டாளாக்கிவிட முடியாது. பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக் காசை இந்தப் பெட்டி விழுங்குகிறது என்பதுதான் அவருடைய புகாரின் மையம். பந்தைத் தட்டிவிடும் துடுப்புகூட அன்றைய பின்பாலில் கிடையாது, எல்லாம் விட்ட வழி. அதைச் சூதாட்டம் என்று சொன்னதில் அர்த்தம் உண்டு. பின்னால் வந்த நீதிமான்கள் பலருக்கும் இந்தக் காசு விஷயம் கண்ணில் படவில்லை. அவர்களுக்கு ரத்தம்தான் வேண்டியிருந்தது.

தடை 34 வருடம் நீடித்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகர சபைக்கு முன் நின்று, இது அதிர்ஷ்டமில்லை, கைத்திறன் என்று நிரூபிக்க வந்தார். கொண்டுவந்த இயந்திரத்தில் ஏதாவது தில்லுமுல்லு இருக்கும் என்று சபைக்குச் சந்தேகம். துணைக்கு வந்திருந்த இன்னொன்றில் ஆடச் சொன்னார்கள். "இப்போது பந்து நடு வழியில் போகும்" என்று சொல்லிவிட்டு நெம்புகோலை இழுத்தார். போனது. அதில் பாதி அதிர்ஷ்டம்தான் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். சபை அசந்துபோய்த் தடையை நீக்கியது.

ஒரு பூதம் விடுதலையான அதே 1976இல் கலிஃபோர்னியாவில் அடுத்த பூதம் பிறந்தது. எக்ஸிடி என்ற சின்ன கம்பெனி, கார்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் ஓர் ஆட்டத்தைச் செய்து, இன்னொரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்திருந்தது. அவர்களிடமிருந்து பணம் ஒழுங்காக வரவில்லை. கோபத்தில் எக்ஸிடிக்காரர்கள் அதே பலகையைக் கொஞ்சம் மாற்றி, எதிர்க் காரை எடுத்துவிட்டு, ஓடும் குச்சி மனிதர்களை வைத்தார்கள். ஏற்றினால் ஒரு கீச்சுக்குரல், அந்த இடத்தில் ஒரு கல்லறைச் சிலுவை. ஆட்டத்தின் பெயர் டெத் ரேஸ். வீடியோ கேம் வரலாற்றின் முதல் வன்முறைச் சர்ச்சை பிறந்தது பாக்கி வசூலாகாத எரிச்சலில்.

ஊர் கொந்தளித்தது. விபத்துத் தடுப்புக்கான தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் கண்டித்தது, தொலைக்காட்சி வந்தது. "அவை மனிதர்கள் இல்லை ஐயா, குட்டிச்சாத்தான்கள்" என்று கம்பெனி விளக்கம் சொன்னது. கறுப்பு வெள்ளையில் நாலு கோடு. மனிதனா குட்டிச்சாத்தானா தென்னை விளக்குமாறா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. கண்டனம் ஏற ஏற ஆர்டரும் ஏறியது. கம்பெனிக்கு ஒரு பைசா விளம்பரச் செலவில்லை.

இந்த ஒரு பாடத்தைத்தான் தொழில் மறக்கவே இல்லை. எதிர்த்தரப்புதான் மறந்துகொண்டே இருந்தது. 1982இல் நாட்டின் தலைமை மருத்துவர் எவரெட் கூப், வீடியோ கேம் பிள்ளைகளுக்குத் தீங்கு என்று பிட்ஸ்பர்கில் பேசினார். உடனேயே, அது தன் சொந்த அபிப்பிராயம், அறிவியல் ஆதாரம் கிடையாது என்று அறிக்கை விட்டார். சிகரெட் பெட்டிக்காரர்களை நடுங்க வைத்த மனிதர் அவர். பாக்மேனிடம் சறுக்கினார்.

இனி வருவதுதான் உற்சவம். 1993 டிசம்பர் 9, வாஷிங்டன், செனட் விசாரணை. தலைமை: கனெக்டிகட்டின் ஜோ லீபர்மேனும் விஸ்கான்சினின் ஹெர்ப் கோலும். குற்றவாளிக் கூண்டில் இரண்டு ஆட்டங்கள்.

முதலாவது மார்ட்டல் காம்பாட். தோற்றவனின் தலையை முதுகெலும்போடு உருவி எடுக்கும் வசதி இதில் உண்டு. அந்த வருடம் செப்டம்பரில் வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது, நிண்டெண்டோ தன் கருவியில் ரத்தத்தை வியர்வையாக மாற்றியது. உதை வாங்கியவன் சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவன் மாதிரி வியர்த்துக் கொட்டினான். போட்டிக் கம்பெனி சேகா, சில பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் ரத்தம் வரும்படி ரகசியக் குறி வைத்தது. அந்த ரகசியம் அமெரிக்காவில் பள்ளிக்கூடம் போகும் அத்தனை பேருக்கும் மனப்பாடம். பெற்றோருக்கு மட்டும்தான் அது ரகசியம். சேகா பதிப்பு விற்பனையில் நிண்டெண்டோவை அடித்துப் போட்டது.

இரண்டாவது நைட் டிராப். 1987இல் எடுத்து, எந்தக் கருவிக்காக எடுத்தார்களோ அது கைவிடப்பட்டதால் பரணில் கிடந்து, 1992இல் சேகாவின் தயவில் வெளிவந்த மட்டமான வீடியோ நாடகம். இதில் ஆடுபவரின் வேலை, வீட்டில் தங்க வந்த பெண்களை ரத்தம் உறிஞ்சும் கும்பலிடமிருந்து காப்பாற்றுவது. செனட்டரோ, பெண்களைக் கொல்லுவதுதான் ஆட்டம் என்ற தொனியில் சாடினார். அதை ஆடிப் பார்த்துவிட்டுப் பேசியதாகத் தெரியவில்லை. நடிப்புக்காக வழக்குப் போட்டிருந்தால் ஒரே அமர்வில் தண்டனை வாங்கியிருக்கலாம்.

விசாரணையின் உச்சக்கட்டம் செனட்டர்கள் பேசியது அல்ல. நிண்டெண்டோவும் சேகாவும் அரசாங்கத்தின் முன்னால் ஒன்றையொன்று மாட்டிவிட்டதுதான். நிண்டெண்டோவின் ஹோவர்ட் லிங்கன், எங்கள் கருவியில் நைட் டிராப் ஒருநாளும் வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது. ஓநாயின் துயரம் என்னவோ விற்பனைப் புள்ளிவிவரம். சேகாவின் பில் வைட் விடுவாரா? அவரே முன்னாள் நிண்டெண்டோ ஆள். தோளில் வைத்துச் சுடும் பீரங்கி மாதிரி ஒரு பொம்மையை விற்கிறவர்களா எங்களுக்குப் புத்தி சொல்வது என்று திருப்பினார். பிள்ளைகளைக் காக்கக் கூடிய சபையில் பெரியவர்கள் சண்டை போட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வயது வரம்பு தேவைப்பட்டது அந்த ஒளிபரப்புக்குத்தான்.

லிங்கனின் வாக்கு என்ன ஆயிற்று? மறு வருடமே மார்ட்டல் காம்பாட்டின் இரண்டாம் பாகம் நிண்டெண்டோவில் முழு ரத்தத்தோடு வந்தது. 2018இல் நைட் டிராப்பும் நிண்டெண்டோவில் வந்தது. "ஒருநாளும்" என்பது கம்பெனிக் கணக்கில் 25 வருடம்.

விசாரணை முடிந்த மறுநாள், டிசம்பர் 10, டெக்சஸில் சில இளைஞர்கள் புது ஆட்டம் ஒன்றை இணையத்தில் ஏற்றினார்கள். நரகம், பேய்கள், துப்பாக்கி, மரம் அறுக்கும் ரம்பம் எல்லாம் உண்டு. பெயர் டூம். இறக்கிக்கொள்ள முண்டியடித்த கூட்டத்தில் சர்வர் மூச்சுத் திணறிப் படுத்தது. அது யாருடைய சர்வர்? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துடையது. செனட்டர் ஹெர்ப் கோலின் சொந்த மாநிலம்.

1994இல் கம்பெனிகளே கூடி ஒரு தரப்படுத்தும் வாரியம் அமைத்தன. 17 வயது நிரம்பியவர்களுக்கு என்று சில அட்டைகளில் முத்திரை விழுந்தது. பதின்மூன்று வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல சிபாரிசுக் கடிதம் வேறு உண்டா?

பிரிட்டனில் கதை இன்னும் நேர்த்தி. ஸ்காட்லாந்தின் டண்டீயில் டிஎம்ஏ டிசைன் என்ற கம்பெனி. 1991இல் லெம்மிங்ஸ் என்று ஓர் ஆட்டம் செய்தது: மலையிலிருந்து வரிசையாக விழுந்து சாகப்போகும் அப்பாவி ஜந்துக்களைக் காப்பாற்ற வேண்டும். உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் ஆடினார்கள். அதனால் மனித குலத்தில் கருணை பெருகியது என்று யாரும் கம்பெனிக்கு மாலை போடவில்லை. அதே கம்பெனி 1997இல் கார் திருடும் ஆட்டம் ஒன்றைச் செய்தது: கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ. இம்முறை கண்டனத்துக்குக் காத்திருக்கும் பழைய வழக்கமெல்லாம் இல்லை. மேக்ஸ் கிளிஃபர்ட் என்ற விளம்பர சூரரைக் கூலிக்கு அமர்த்தி, கண்டனத்தையே ஏற்பாடு செய்தார்கள். ஆட்டம் கடைக்கு வர மாதங்கள் இருக்கும்போதே, மே மாதம் பிரபுக்கள் சபையில் ஒரு பிரபு எழுந்து கவலை தெரிவித்தார். தெருவில் ஒரு பிரதிகூட விற்காத பொருளுக்குப் பாராளுமன்றத்தில் விளம்பரம்!

கொஞ்சம் சிரிப்பை ஓரம் வைக்க வேண்டிய இடமும் இருக்கிறது. 1997இல் கென்டக்கியில் ஒரு பள்ளி மாணவன் சுட்டதில் மூன்று சிறுமிகள் இறந்தார்கள். பெற்றோர் ஆட்டக் கம்பெனிகள் மீதும் சினிமாக் கம்பெனிகள் மீதும் வழக்குப் போட்டார்கள். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி ஒருவன் கிளம்புவான் என்று தயாரிப்பாளர் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. அந்தப் பெற்றோரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. தீர்ப்பிலும் பெரிய பிழை தெரியவில்லை.

ஆனால் அதே 2002இல் இன்னொன்று நடந்தது. அமெரிக்க ராணுவம், ஆள் சேர்ப்புக்காக, துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஒன்றைத் தானே செய்து, சுதந்திர தினத்தில் இலவசமாக வெளியிட்டது. ஆட்டம் ஆடினால் பையன் துப்பாக்கி தூக்குவானா என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, தூக்குவான் என்ற நம்பிக்கையில் அரசாங்கமே கோடிகளைப் போட்டது. ஆட்டக் கம்பெனிகளுக்கும் இதே இரட்டை நாக்குதான். விற்பனைப் பிரிவைக் கேட்டால், இது உங்களை வேறொரு மனிதனாக்கும். வக்கீலைக் கேட்டால், இது ஒரு மனிதனையும் எதுவும் செய்யாது.

அடுத்து வருபவர் லீலண்ட் யீ. சான் ஃபிரான்சிஸ்கோ அரசியல்வாதி, குழந்தை உளவியலாளர். சிறுவர்களுக்கு வன்முறை ஆட்டம் விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் என்று 2005இல் கலிஃபோர்னியாவில் சட்டம் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்ட ஆளுநர் யார் தெரியுமா? ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர். திரையில் அவர் சுட்டுத் தள்ளிய பிணங்களை எண்ண ஒரு கணக்குப்பிள்ளை தனியாக வேண்டும்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வாதத்தின்போது நீதிபதி ஸ்கேலியா அரசியல் சாசனம் எழுதியவர்களின் காலத்துக்கே போய்க் கேள்வி கேட்க, சக நீதிபதி அலிட்டோ, வீடியோ கேம் பற்றி ஜேம்ஸ் மேடிசன் என்ன நினைத்தார் என்றுதான் அவர் கேட்கிறார் என்று வாரினார். 2011 ஜூனில் தீர்ப்பு: 7-க்கு 2, சட்டம் செல்லாது. தீர்ப்பை எழுதிய ஸ்கேலியா பாட்டிக் கதைகளைச் சாட்சிக்கு அழைத்தார். ஸ்னோ ஒயிட்டின் பொல்லாத ராணி பழுக்கக் காய்ச்சிய செருப்போடு சாகும்வரை ஆடுகிறாள். சிண்ட்ரெல்லாவின் சகோதரிகளின் கண்ணைப் புறா கொத்துகிறது. இரண்டு பிஞ்சுகள் சூனியக்காரியை அடுப்பில் தள்ளிச் சாம்பலாக்குகின்றன. இதையெல்லாம் சொல்லித்தானே தூங்க வைக்கிறோம் என்பது அவர் வாதம்.

எதிர்த்து எழுதிய இருவரில் ஒருவர் ஸ்டீஃபன் பிரையர். யீயின் சட்டம் சரியே என்றார். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2014 மார்ச்சில் எஃப்பிஐ யீயைக் கைது செய்தது. லஞ்சம் மட்டுமென்றால் அரசியலில் அது செய்தியே இல்லை. மாறுவேடத்தில் வந்த அதிகாரியிடம், ஆயுத வியாபாரியை அறிமுகம் செய்து வைக்கிறேன் என்று பேரம் பேசியதாகக் குற்றச்சாட்டு. பட்டியலில் தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகூட உண்டு. அதுவரை அவர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகவும் முழங்கியவர். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். அவர் ராமாயணம் படித்த கையோடு கோயிலுக்கு வெடி வைக்கவும் விலை பேசியிருந்தார். 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2016இல் ஐந்து வருடச் சிறை. தண்டனை விதித்த நீதிபதி சார்ல்ஸ் பிரையர்: ஸ்டீஃபன் பிரையரின் தம்பி. அண்ணன் சட்டத்தைக் காப்பாற்றப் பார்த்தார், தம்பி சட்டத்தை எழுதியவரை உள்ளே தள்ளினார். யீ எந்த ஆட்டம் ஆடிக் கெட்டுப்போனார் என்று எந்த உளவியலாளரும் ஆராயவில்லை.

இத்தனை கூத்துக்கும் நடுவில், திரையில் சொட்டிய சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கம்பெனிகள் உண்மையிலேயே எந்த நடத்தையை வடிவமைத்தன என்பதைக் கோட்டைவிட்டார்கள். ஆடுபவன் வெளியே போய் யாரையாவது அடிக்கிறானா என்பதில் கம்பெனிக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அவன் கை பர்ஸுக்குப் போகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குத்தான் சம்பளத்துக்கு ஆள் வைத்து பொத்தானின் இடத்தையும் நிறத்தையும் சத்தத்தையும் இழைத்தார்கள். லகார்டியாவின் சாப்பாட்டுக் காசு அப்பாவின் கிரெடிட் கார்டாக வளர்ந்திருந்தது.

2018இல் பெல்ஜியம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ் சூதாட்டமே என்று தீர்மானித்தது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் கம்பெனியான எபிக் 52 கோடி டாலருக்கு அமெரிக்க அரசோடு சமரசம் செய்துகொண்டது. அதில் 24.5 கோடி, தடுமாற வைக்கும் பொத்தான்களால் ஆடுபவர்களைத் தெரியாமல் வாங்க வைத்ததாகச் சொல்லப்பட்ட பணத்தைத் திருப்பித் தர. மீதி, பிள்ளைகளின் தனியுரிமைச் சட்டத்தை மீறிய புகாருக்கு அபராதம். ஆட்டக்காரரின் நடத்தைக்குத் தயாரிப்பாளர் பொறுப்பா என்ற ஆயுட்காலக் கேள்விக்கு ஒரு வழியாக ரசீதோடு பதில் வந்தது. அந்த வழக்கில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அதற்கு முன்பே, 2019 ஜூனில், கலிஃபோர்னியாவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி அதிகாரி பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு முன் வந்தார். லூட் பாக்ஸ் என்று சொல்லாதீர்கள், நாங்கள் அதை ஆச்சரிய உத்தி என்று அழைக்கிறோம் என்றார். உள்ளே பொம்மை ஒளிந்திருக்கும் கிண்டர் முட்டை மாதிரி, மக்களுக்கு ஆச்சரியம் பிடிக்கும் என்றார். அந்த கிண்டர் சர்ப்ரைஸ் முட்டையை அமெரிக்காவில் விற்கக் கூடாது: தின்பண்டத்துக்குள் தின்ன முடியாத பொருளை ஒளிக்கக் கூடாது என்று 1938ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. அந்தக் கம்பெனியின் சொந்த நாட்டில் முட்டை பறிமுதல், லூட் பாக்ஸ் விற்பனையில்.