பகடைக்காய் போடும் பிராணி

கேள்வி: உருண்டைக் குடலிலிருந்து சதுரப் புழுக்கை வருமா?

பதில்: ஆஸ்திரேலியாவின் வாம்பாட்டுக்கு வரும். வளை தோண்டி வாழும் இந்தக் குட்டைக்கால் பிராணி போடுவது, பகடைக்காய் மாதிரி ஆறு முகமுள்ள கனசதுரம். வாசலே சதுரமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. வாசல் வட்டம்தான், விஷயம் குடலில்.

டாஸ்மேனியாவில் வண்டியில் அடிபட்டுச் செத்த வாம்பாட்டுகளின் குடலை வரவழைத்து, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் பட்ரீசியா யாங், டேவிட் ஹூ குழுவினர் உள்ளே நீள பலூனை விட்டு ஊதினார்கள். பன்றிக் குடல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக உப்பியது. வாம்பாட் குடலோ சில இடங்களில் விறைத்தது, சில இடங்களில் நெகிழ்ந்தது. விறைப்பான பகுதி சட்டென்று சுருங்கும், நெகிழ்வான பகுதி மெதுவாக. சுமார் 10 மீட்டர் குடலில் பல நாள் ஊர்ந்து, ஈரம் வற்றிக் கெட்டிப்படும் சாணத்துக்குக் கடைசிக் கட்டத்தில் இந்த ஏறுமாறான பிடியே மூலை எடுத்துவிடுகிறது. விரிவான ஆய்வு 2021இல் ‘சாஃப்ட் மேட்டர்’ இதழில் வெளியானது.

சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுக்கான இக் நோபல், அதற்கு முன்பே 2019இல் இந்தக் குழுவுக்குக் கிடைத்தது. யாங்குக்கும் ஹூவுக்கும் அது இரண்டாவது. முதலாவது, 2015இல்: யானையானாலும் ஆடானாலும் சிறுநீர் கழிக்கச் சராசரியாக 21 விநாடிதான் என்று கணக்கிட்டதற்கு.