வழுக்காத பெல்ட்

செங்கல்பட்டு பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து பெல்ட் மாட்டுகிற பிள்ளைகளில் ஒருவர் விரலிலும் தழும்பு இல்லை. எனக்கு அது இன்னும் நம்பமுடியாத சங்கதி. மதுராந்தகம் பக்கத்து ரைஸ் மில்லில் நான் சிறுவனாகப் பார்த்த பெல்ட் வேறு ஜாதி.

சுவரோரம் டீசல் எஞ்சின். மேலே நீளமாக ஒரு ஷாஃப்ட், அதில் வரிசையாகப் புல்லிகள். அங்கிருந்து நெல்லுக்கு உமி நீக்கும் ஒவ்வொரு ஹல்லருக்கும் பட்டையான பெல்ட் இறங்கும். ஏதாவது எதிர்ப்பக்கம் சுற்றவேண்டுமென்றால் பெல்ட்டைக் குறுக்கே எட்டுப்போல முறுக்கி மாட்டுவார்கள். புல்லியின் நடு கொஞ்சம் மேடாக இருக்கும். ஓடும் பெல்ட் தானாகவே மேட்டுக்கு ஏறி நடுவில் நிற்கும். இந்தச் சூட்சுமத்தை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, மில் டிரைவர்தான் சொன்னார். ஈர நெல் வந்து ஹல்லர் திணறினால் பெல்ட் வழுக்கிக் கிறீச்சிடும். அவர் குங்கிலியத்தூளை எடுத்துத் தூவுவார். “அண்ணே, நிறுத்திட்டுப் போடக்கூடாதா?” என்றால், “நிறுத்துனா மறுபடி எஞ்சினை நீ சுத்துவியா தம்பி?” என்பார்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தில் பெல்ட் மாட்டுகிறவர் பயிற்சி பெற்ற ஆணாகவும், முதலாளி கொடுத்த இறுக்கமான உடை அணிந்தவராகவும் இருக்கவேண்டும் என்றது. எங்கள் மில்லில் முதலாளி கொடுத்தது தீபாவளிக்கு ஒரு வேட்டி.

இன்றைக்கு எங்கள் ஆபீசில் பெல்ட் மாட்டுவது ஒரு பெண். சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளில் இரண்டு புல்லிகளைக் காட்டுகிறார், பெல்ட் எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று அம்புக்குறியைத் திருப்புகிறார், ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் அடிக்கிறார். நீளம் தானே வந்துவிடுகிறது. ஒரு புல்லியை மவுஸால் இழுத்தால் மற்றது விட்டத்துக்கு ஏற்ற கணக்கில் சுற்றுகிறது.

“சார், ஓடுது பாருங்க.”

“புல்லி சுத்துதும்மா. பெல்ட் நின்ன எடத்துலயே நிக்குதே?”

“பெல்ட் ஓடாது சார். ஓடுற மாதிரி காட்டணும்னா அதைத் துண்டு துண்டா வரைஞ்சு பாதையில வரிசையா கோக்கணும். கஸ்டமர் கேட்டா செஞ்சு குடுப்போம்.”

அன்று பெல்ட்டைப் புல்லியில் வழுக்காமல் நிற்கவைக்கத்தான் பாடுபட்டார்கள். இன்று ஓடவைக்கத் தனி பில்.

இதைவிட வேடிக்கை, அந்தத் திரைப் பெல்ட் வழுக்குவதே இல்லை. நிஜத்தில் பெல்ட்டுக்கு எல்லை உண்டு. 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் கணக்குப் போட்டுவிட்டார். உராய்வுக் கெழு 0.3, பெல்ட் புல்லியைப் பாதிவட்டம் தழுவுகிறது என்றால், இறுகிய பக்க இழுவிசை தளர்ந்த பக்கத்தைப்போல சுமார் இரண்டரை மடங்குவரை போகலாம். தாண்டினால் வழுக்கும். திரையில் ஒரு டன் கல்லைக் கட்டினாலும் புல்லி சமர்த்தாகச் சுற்றும். வழுக்கலையும் கணக்கிடும் மென்பொருள்கள் உண்டுதான். அவை பெல்ட்டைப் பல நூறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றின் உராய்வையும் கணக்கிடும். அதற்கு நேரம் ஆகும், லைசென்சுக்குக் காசு ஆகும். ஆகவே டிக் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி டிக் அடித்த இயந்திரம்தான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவக் குப்பத்தில் ஐஸ் உடைக்கப் போகிறது. அங்கே உப்புக்காற்றில் புல்லி துருப்பிடிக்கிறது, பெல்ட்டில் ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது, 0.3 என்று எழுதிவைத்த உராய்வு எங்கேயோ போய்விடுகிறது. படகு கரையேறும் விடியற்காலையில் பெல்ட் கிறீச்சிட்டால், அந்த மனிதர்கள் எந்த டிக்கை எடுப்பார்கள்?

கணினியில் வரையச் சொல்லித்தரும் கேட் (CAD) வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூடிய மில்லிலிருந்து ஒரு பழைய ஹல்லரையும் பெல்ட்டையும் வாங்கி வகுப்பறை மூலையில் ஓட்டிக்காட்டுங்கள். பாதுகாப்புக் கம்பிவலை கட்டாயம் போடுங்கள். வேட்டி கட்டிய ஆசிரியர் என்றால் இரண்டு வலை.