பாட்டியிடம் வாங்கிய சம்மதம்

கேள்வி: வாய்ப்பு ஒருமுறைதான் கதவைத் தட்டுமாமே, அதில் ஆசிரியருக்கு என்ன வேலை?

பதில்: தட்டுகிற வேலையே அவருடையதுதான்! அல்ஜியர்ஸில் எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேன். காம்யுவின் அப்பா போரில் இறந்துவிட்டார். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், காதும் சரியாகக் கேட்காது. பையன் மேலே படிக்காமல் சம்பாதிக்கட்டும் என்றார் பாட்டி. ஜெர்மேன் வீட்டுக்கே போய்ப் பேசிச் சம்மதிக்கவைத்தார். உதவித்தொகைத் தேர்வுக்குக் காசு வாங்காமல் பாடம் எடுத்தார். பாட்டியிடம் பாஸானதுதான் பெரிய பரீட்சை என்பேன்! 1957-ல் நோபல் கிடைத்ததும், அம்மாவுக்கு அடுத்து காம்யு நினைத்தது இந்த வாத்தியாரைத்தான். நன்றிக் கடிதம் எழுதினார். 1959-ல் ஜெர்மேன் எழுதிய கடிதத்திலோ, 45 வயதுக் காம்யு இன்னமும் அவருடைய சின்னப் பையன்தான்.